வாழை நடந்த தூரம்

வாழை நடக்கும் என்றால் சிரிப்பீர்கள். வாழை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். தாய்மரம் ஒரே ஒரு குலைதான் தள்ளும். குலையை அறுத்ததும் அதன் காலம் முடிந்தது. அதற்குள் அடியைச் சுற்றி ஐந்தாறு பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிப் போட வேண்டும். விட்ட கன்று அடுத்த வருஷத்து மரம். எந்தப் பக்கத்துக் கன்றை விடுகிறோமோ அந்தப் பக்கமாக ஓரடி தள்ளி அது நிற்கும். வருஷத்துக்கு ஓரடி என்பது பெரிய வேகமில்லைதான், ஆனாலும் நடை நடைதானே.

கன்னுக்காரியின் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லை ஒட்டி நின்ற ஒரு வாழை பதினோரு வருஷத்தில் பதினோரு அடி நடந்திருந்தது. தானாக நடக்கவில்லை, அவள்தான் நடத்தினாள். பக்கத்து மனை அவளுடைய அக்காவுடையது. அந்தப் பக்கமாகத்தான் நடத்தினாள். அக்கா அவளோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை, காறித் துப்பினாலும் பரவாயில்லை, அது அவளுடைய வாயிலிருந்து தன்னைப் பார்த்து வர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

கன்னுக்காரி என்பது ஊர் வைத்த பெயர். கட்டிய கணவரே அப்படித்தான் கூப்பிடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாழைக் கன்றைப் பார்த்ததும் அது எப்படிப்பட்ட மரமாகும் என்று சொல்லிவிடுவாள். இலை குறுகலாக, ஈட்டி மாதிரி விறைப்பாக நின்றால் அது ஈட்டிக் கன்று; அடியில் கிழங்கு பருத்திருக்கும், நம்பி நடலாம். முளைக்கும்போதே அகல இலையை விரித்துக்கொண்டு பகட்டாக நிற்பது நீர்க் கன்று. பார்க்க லட்சணம், உள்ளே சரக்கு இருக்காது. இதைக் குழந்தைகூடச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் தினுசு இருக்கிறது, அங்கேதான் கன்னுக்காரி வேண்டும். நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்து கன்று வாங்கிப் போனார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அக்கா ஏழு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். தங்கைக்குத் தலை பின்னி, சோறு போட்டு, முதுகில் இரண்டு வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அந்த இரண்டு அடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிணற்றுப் படியில் இறங்காதே என்று சொன்னால் இறங்கிப் பார்ப்பாள். பச்சைக் காயைக் கடிக்காதே, நாக்கெல்லாம் கறையாகும் என்று சொன்னால், கடித்துவிட்டு வந்து நாக்கை நீட்டிக் காட்டுவாள். "நான் ஒண்ணு சொன்னா, நீ அதுக்கு நேர் எதிரா செய்யறதுக்குன்னே பொறந்தவடி" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

கல்யாண விஷயத்திலும் அதே கதைதான். குலை ஏற்ற வந்த லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொள்ளப் போவதாகத் தங்கை சொன்னதும் அக்கா கொதித்துப் போனாள்.

"வீட்ல இருக்கறதைவிட ரோட்ல இருக்கறதுதான் ஜாஸ்தி அவன். வேண்டாம், சொல்றதைக் கேளு."

தங்கை கேட்கவில்லை. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தானே வந்து, "முடிய அள்ளி முடி, பேய் மாதிரி இருக்க" என்று ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் கோபத்துக்கு இரண்டு நாள்தான் ஆயுசு. வாழ்நாள் முழுக்கக் கன்னுக்காரி அந்தக் கணக்கை நம்பி இருந்தவள்.

அப்பா காலத்துக்குப் பிறகு வயலையும் வீட்டு மனையையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். முகம் சுளிக்காமல் நடந்த பாகப் பிரிவினை. அடுத்தடுத்து இரண்டு வீடு; பின்பக்கம் நடுவில் வேலிகூடக் கிடையாது. வயலில் வைத்தது லாரிக்குப் போகிற நீளக்காய் வாழை. முக்கால் விளைச்சலில் பச்சையாக அறுத்து ஏற்றிவிட வேண்டும்; எந்த ஊரில் பழுக்கிறது, யார் உரித்துத் தின்கிறார்கள் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் வைத்தது சமையல் வாழை. தடித்த தோல், குட்டைக் காய், துவைக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் குடித்து வளர்கிற மரம். காயும் பூவும் தண்டும் அடுப்புக்குப் போகும். குலை தள்ளியதும் பூவை ஒடித்து, அக்காவும் தங்கையும் துவைக்கிற கல்லில் எதிரெதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக நரம்பு எடுத்துப் போடுவார்கள். ஒரு முழு வாழைப்பூவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் எல்லாருடைய கதையும் அலசிக் காயப்போடப்பட்டுவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அந்த முறை வயலுக்குப் புதிதாகக் கன்று வைக்க வேண்டியிருந்தது. சொந்தக் கன்று போதவில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் ஆயிரத்து அறுநூறு கன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வெளியிலிருந்து வருகிற கன்றை அப்படியே நடக் கூடாது. ஒவ்வொன்றின் கிழங்கையும் கத்தியால் சீவிப் பார்க்க வேண்டும். உள்ளே தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளையாக இருந்தால் நல்லது. செம்பழுப்பாகப் புள்ளியோ கோடோ தெரிந்தால் அது வாடல் நோய். அந்தக் கன்றை எரித்துவிட வேண்டும். மண்ணில் ஒருமுறை இறங்கினால் அந்த நோய் லேசில் போகாது.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. வியாபாரி வண்டியைத் திருப்புகிற அவசரத்தில் இருந்தார். கன்னுக்காரி மேலே கிடந்ததில் இருபது கன்றைச் சீவிப் பார்த்தாள். இருபதும் வெள்ளை. கன்றுகள் எல்லாம் அச்சு அசலாக ஈட்டிக் கன்றுகள், கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தன. போதும் என்று எழுந்துவிட்டாள். பாதியை அக்கா வயலுக்கு அனுப்பினாள்.

வரப்பில் நின்றபடி அக்கா கேட்டாள், "எல்லாம் சீவிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கன்று நட வந்த ஆட்கள் கத்தியை எடுத்தபோதும், "வேண்டாம், வையுங்க. என் தங்கச்சி பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்று தடுத்துவிட்டாள். அந்தச் சொல்லைக் கன்னுக்காரி தன் காதாலேயே கேட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஊரே கன்னுக்காரி என்று கூப்பிடுகிறபோது, இருபதைத்தான் பார்த்தேன் என்று ஆட்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டாள்.

ஏழாம் மாதம், குலை தள்ளுவதற்குக் கொஞ்சம் முன்னால், இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்க ஆரம்பித்தன. முதலில் அக்கா வயலில் நாலு மரம், பிறகு நாற்பது, பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். தங்கை வயலும் தப்பவில்லை. ஒருநாள் காலையில் அக்கா ஒரு மரத்தின் கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுப் பின்பக்கம் வந்தாள். இருவரும் பூ ஆய்கிற அதே கல்லில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். உள்ளே செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

"சீவிப் பார்த்தியா?" என்று இன்னொரு முறை கேட்டாள். குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது என்று கன்னுக்காரிக்குப் பின்னால் பல முறை தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை. குற்றம் செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும்.

"அதான் பார்த்தேன்னு சொன்னேன்ல? எத்தனை தடவை கேட்ப? கன்னு நல்ல கன்னு. உன் மண்ணுல இருந்திருக்கும் நோய்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என் மண்ணுலயா?"

அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. அப்ப என் மண்ணு உனக்கு வேண்டாம், உன் மண்ணும் எனக்கு வேண்டாம். இனிமே இந்தப் பக்கம் கால் வைக்காத."

மறுநாளே மண்வெட்டியோடு வந்து இரண்டு மனைக்கும் நடுவில் பள்ளம் வெட்டத் தொடங்கினாள். நோய் மண்ணோடு மண்ணாகப் பரவாமல் இருக்க வயலுக்கு வயல் இப்படி வெட்டுவது உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் நோய் வந்து முடிந்த பிறகு, அதுவும் வீட்டுக்குப் பின்னால், எதற்காகப் பள்ளம்? அந்தச் சமையல் வாழைக்கு அந்த நோய் அண்டவே அண்டாது என்பதும் அக்காவுக்குத் தெரியும். இரண்டு நாள் வெட்டினாள். முழங்கால் ஆழம். கன்னுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பக்கம் நின்ற சமையல் வாழையையும் வேரோடு தோண்டிப் போட்டுவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

அக்காவுக்குப் போனது எண்ணூறு மரம். மகனின் படிப்பு ஒரு வருஷம் நின்றுபோனது. அதன் பிறகு அவள் வயலில் மக்காச்சோளம்தான். வாழையை அவள் திரும்பத் தொடவே இல்லை. வாழைக்கே பேர் போன வீட்டில் பிறந்தவள், கடையில் நாலு காயை எடை போட்டு வாங்கிக்கொண்டு தெருவோடு வருவாள். அதைப் பார்க்கிற அன்றைக்கெல்லாம் கன்னுக்காரிக்குச் சோறு இறங்காது.

இரண்டு நாள் ஆயிற்று, பிறகு இரண்டு மாதம், இரண்டு வருஷம். அடுத்த வீடு என்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் புரிந்தது. தொலைவில் இருந்தால் மறந்து தொலைக்கலாம். இங்கே அக்கா வாளியை வைக்கிற சத்தம் கேட்கும். அக்கா இருமினால் சளியா, புகையா என்று தெரியும். அக்கா தன்னைத் தானே திட்டிக்கொண்டு எதையோ தேடுவது கேட்கும்; தேடுகிற பொருள் எங்கே இருக்கும் என்றுகூடக் கன்னுக்காரியால் சொல்லிவிட முடியும், சொல்லத்தான் வழியில்லை. அக்காவின் கணவர் இறந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து அக்கா மகன் வந்தான். "சித்தி, இப்ப வேண்டாம் சித்தி. அம்மா ரொம்ப உடைஞ்சு போயிருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். அவன்மேல் தப்பில்லை. அவள் திரும்பி வந்து, துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

கன்னுக்காரியின் கணவர் லாரிக்காரருக்கு மட்டும் தடை கிடையாது. லாரியை விட்டு வீட்டோடு வந்துவிட்ட பிறகு, அக்கா வீட்டு மோட்டார் நின்றால் அவர்தான் தெருவழியாகப் போய்ச் சரிசெய்வார். திரும்பி வந்ததும் கன்னுக்காரி வழியை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"என்ன சொன்னா?"

"மோட்டாரோட காயில் கம்பி எரிஞ்சு போயிருக்கு."

"அதைக் கேட்டேனா? என்னைப் பத்தி ஏதாவது?"

"காயிலைப் பத்தித்தான் பேசினோம்."

"ஆள் எப்படி இருக்கா? இளைச்சிருக்காளா?"

லாரிக்காரர் யோசிப்பார். "பார்க்கலியே. மோட்டாரைத்தான் பார்த்தேன்" என்பார். இந்த ஆண்பிள்ளைகளைச் செய்தி கேட்க அனுப்புவதும் ஒன்று, அம்மிக்கல்லை அனுப்புவதும் ஒன்று.

கன்று வியாபாரம் சில வருஷம் படுத்து, பிறகு மெல்ல எழுந்தது. இப்போது அவள் ஒரு கன்றைக்கூடச் சீவாமல் கொடுப்பதில்லை. ஐந்நூறு கன்று என்றால் ஐந்நூறையும் வாங்குகிறவர் கண்முன்னால் உட்கார்ந்து சீவுகிறாள். "போதும்மா, தெரியாதா உங்களைப் பத்தி" என்று அவர்கள் சொன்னால் இன்னும் அழுத்திச் சீவுகிறாள். விரல் மடிப்பெல்லாம் வாழைக்கறை ஏறிக் கறுத்துப் போயிருக்கிறது. அந்தக் கறையைப் பார்த்து மெச்சிக்கொள்வார்கள். அவளுக்கல்லவா தெரியும் அது எதற்கென்று.

வாழை நடக்க ஆரம்பித்தது தற்செயலாகத்தான். பள்ளம் வெட்டிய அடுத்த வருஷம் துவைக்கிற கல்லருகே மரம் குலை தள்ளியபோது, அக்கா பக்கமாக முளைத்திருந்த கன்று நல்ல ஈட்டிக் கன்றாக இருந்தது. அதை விட்டாள். அது மரமானதும், அட, ஓரடி பக்கத்தில் போய்விட்டதே என்று பட்டது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு மனசுக்கு ஏதோ இதமாக இருந்தது. அவ்வளவு தூரம் தானே போய் நின்றது போல.

அடுத்த வருஷம் வேண்டுமென்றே செய்தாள். அந்த முறை அக்கா பக்கம் முளைத்தது வெறும் நீர்க் கன்று. எதிர்ப்பக்கம் முதல் தரமான ஈட்டிக் கன்று நின்றது. ஈட்டிக் கன்றை வெட்டிவிட்டு நீர்க் கன்றை விட்டாள். கன்னுக்காரி செய்கிற காரியமா இது? யாராவது பார்த்திருந்தால் தொழிலே போயிருக்கும். அந்த நோஞ்சானுக்குச் சாம்பலும் எருவும் போட்டு, காற்றுக்கு முட்டுக் கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிக்கிற மாதிரி கவனித்து மரமாக்கினாள். நாலே நாலு சீப்போடு ஒரு குலை தள்ளியது. லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதைக் குலைன்னு சொன்னா குலைக்கே கோபம் வரும்" என்றார்.

வருஷா வருஷம் மரம் தள்ளிப் போகப் போக, துவைக்கிற தண்ணீர் எட்டவில்லை. கல்லிலிருந்து சின்ன வாய்க்கால் கிழித்தாள். மரம் ஓரடி போனால் வாய்க்காலும் ஓரடி நீளும். லாரிக்காரர் இதைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. ஒருநாள் துணி காயப்போடும் கயிற்றை மரத்தில் கட்டப் போனவர் கயிறு போதாமல் நின்றார்.

"ஏய் கன்னுக்காரி, போன வருஷம் இந்தக் கயிறு எட்டுச்சே?"

"கயிறு சுருங்கிப் போச்சு."

அவர் கயிற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், அது எங்கே போகிறது என்றும் பார்த்தார். மோட்டாரைத் தவிர எதையும் பார்க்காத மனுஷன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "நாலு முழம் கயிறு சேர்த்து வாங்கிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் பள்ளத்தில் சரிந்த மண்ணை அக்கா வாரிப் போடுவது வழக்கம். அந்த மண்வெட்டிச் சத்தம் கேட்டாலே கன்னுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். ஒன்பதாம் வருஷம் சத்தம் கேட்கவில்லை. பத்தாம் வருஷமும் கேட்கவில்லை. முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபம் ஆறிவிட்டதோ என்று. பிறகுதான் உறைத்தது, அக்காவுக்கு முடியவில்லை என்று. அறுபத்தைந்து வயது. மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். தோளைத் தூக்க முடியாமல், துணியைக் கொடியில் எறிந்துதான் போடுகிறாள். பள்ளம் தூர்ந்து ஒரு சாண் ஆழத்துக்கு வந்துவிட்டது. வாழையின் நடை இருக்கிற நடைக்கு, தான் போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், நாலு எட்டு எடுத்து வைத்தால் ஆச்சே என்பார்கள். அந்த நாலு எட்டைத்தான் அவளால் வைக்க முடியவில்லை. போனால் அக்கா மறுபடி அதே கேள்வியைக் கேட்பாள். இந்த முறை என்ன பதில் சொல்வது?

பதினோராம் வருஷம் மரம் பள்ளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. மழை நின்று பத்துப் பதினைந்து நாள் கழித்து, பள்ளத்துச் சரிவில், அக்கா பக்கத்து மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு முளை எட்டிப் பார்த்தது. ஈட்டிக் கன்று. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த கன்றுகளிலேயே முதல் தரம் என்று சத்தியம் செய்வாள். இலை விரியாமல், கூர்மையாக, கொழுகொழுவென்று இருந்தது. அது தன்னுடையதா அக்காவுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. கை நீட்டித் தொடக்கூடப் பயம். அது அக்கா மண். தண்ணீரை மட்டும் மரத்தடியில் ஊற்றினாள், அது தானாகப் போய்ச் சேரட்டும் என்று.

கன்று முழங்கால் உயரம் வந்தது. அக்கா அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே அந்த இடத்தில்தான் வந்து நிற்பாள். ஒரு வாரம் நின்றாள், இரண்டு வாரம் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் கன்னுக்காரியும் தினம் வந்து நின்றாள்.

ஒருநாள் காலை சாம்பல் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்று இல்லை. இருந்த இடம் வெறும் மண்ணாக இருந்தது.

வெட்டிவிட்டாள். பதினோரு வருஷத்தையும் சேர்த்து வெட்டிப் போட்டுவிட்டாள். கன்னுக்காரி மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. கொஞ்ச நேரம் அந்த மண்ணையே வெறித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கத்தான் அவளுடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

வேண்டாத கன்றைத் தரையோடு சீவித் தள்ளுவார்கள். குருத்தில் ஒரு குத்து குத்திவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மரத்தடி மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தாள். இங்கே கிழங்கோடு எடுத்திருந்தது. தாய்மரத்தோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரே வெட்டு. பக்கத்து வேர் ஒன்றுகூடப் பிய்ந்திருக்கவில்லை. தோண்டிய குழியில் மண்ணைத் திருப்பி நிரப்பி, தாய்மரம் ஆடாமல் இருக்க மிதித்து இறுக்கியும் விட்டிருந்தது. அழிக்கிறவள் இத்தனை பாடுபட மாட்டாள். இது நடுவதற்கு எடுக்கிறவள் எடுத்த விதம்.

நிமிர்ந்து பார்த்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஏழெட்டு அடி தூரத்தில், அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதிதாக வெட்டிய ஒரு குழி. மடியில் அந்தக் கன்று. சின்னக் கத்தியால் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே பளிச்சென்று வெள்ளை. முடி மொத்தமாக நரைத்திருந்தது, கழுத்து வற்றியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் அக்காவைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"வெட்டுன பக்கத்தை எந்தத் திசை பார்த்து வைக்கறது?"

தாய்மரத்திலிருந்து வெட்டிய பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அதற்கு எதிர்த்திசையில்தான் குலை சாயும் என்பது வாழை வைக்கிறவர்கள் கணக்கு. அதைப் பார்த்து நடுவது அரிச்சுவடி. நாற்பது வருஷம் வாழை வைத்த அக்கா அதைப் போய்க் கேட்கிறாள், அதுவும் தங்கையிடம்.

கன்னுக்காரி மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மேற்க பார்த்து வையிக்கா. குலை கிழக்க சாயும். உன் வீட்டுப் பக்கம்."

"ம்" என்றாள் அக்கா. சீவுவது நிற்கவில்லை.

பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு எவ்வளவோ இருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பிரசவம், லாரிக்காரர் மூட்டுவலி, தெருவில் யார் யாரோடு சண்டை, எல்லாம். அதெல்லாம் எங்கே போய் ஒளிந்ததோ. அடியில் கிடந்த ஒன்றுதான் மேலே வந்தது.

"அன்னைக்கு நான் சீவிப் பார்க்கலக்கா. மேல இருந்த இருபதைத்தான் பார்த்தேன். பொய் சொன்னேன். அப்புறம் உன் மண்ணு மேல பழி போட்டேன்."

கத்தி நின்றது.

"தெரியும்" என்றாள் அக்கா. "அந்தக் கிழங்கைப் பொளந்து வெச்சப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நாளைக்குச் சொல்லுவா, நாளான்னைக்குச் சொல்லுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கன்றைக் குழியில் இறக்கினாள். மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் அழுத்தினாள். வலது தோள் ஒத்துழைக்கவில்லை, இடது கையாலேயே எல்லாம் செய்தாள். பிறகுதான் நிமிர்ந்து தங்கையை நேராகப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் வாழைய இந்தப் பக்கம் அனுப்பிக்கிட்டே இருந்தியே. நீ வந்தா என்ன?"

"நீதானக்கா கால் வைக்காதன்னு சொன்ன."

"சொன்னேன்" என்றாள் அக்கா. அவளுடைய உதடு கோணிக்கொண்டு போயிற்று. "பொறந்ததுல இருந்து நான் சொன்னது ஒண்ணையாவது கேட்டிருக்கியாடி நீ? இந்த ஒண்ணை மட்டும் எதுக்குடி கேட்ட?"